அறுத்தது ஒன்று, விட்டது இரண்டு

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு அம்மா போன் செய்தார். தெரிந்தவர் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு மூளையில் டிபி கட்டி என்று சொல்லிவிட்டார்களாம். "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா முழுசா சரியாயிடும்ல?" என்று மூன்று தடவை கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒரு வார்டு வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே மாசக்கணக்கில் தப்பாகப் புரிந்துகொண்டு அலைந்திருக்கிறோம்.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். என் தம்பிக்கு நடந்ததையும், அந்த 18 மாதங்களில் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். தலைவலி என்று சொல்ல ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் அதிகமாக வலிக்கும், வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறையும். சாயங்காலம் ஆனால் மேல் லேசாகச் சுடும். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, மெஸ் சாப்பாடு சேரவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஒரு டாக்டர் சைனஸ் என்றார், இன்னொருவர் ஒற்றைத் தலைவலி என்றார், யாரோ சொன்னார்கள் என்று கண்ணாடிக் கடைக்குப் போய் ஒரு கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கண்ணாடிக் கடைக்குப் போனதற்குப் பதில் கண் டாக்டரிடம் போயிருந்தால், சொட்டு மருந்து விட்டு கண்ணின் உட்புறத்தைப் பார்த்திருப்பார்கள். மூளைக்குள் அழுத்தம் ஏறினால் கண் நரம்பு உள்ளே வந்து சேரும் இடம் வீங்கிவிடும், அது அந்தச் சோதனையில் தெரியும். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் நல்ல வீக்கம்.

அப்புறம் நடை தடுமாற ஆரம்பித்தது. குடிக்கிறானோ என்றுகூட ஒரு சொந்தக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பஸ் படியில் இறங்கும்போது ஒரு நாள் விழுந்தான், "ரெண்டு ரெண்டா தெரியுதுக்கா" என்றான், அன்றைக்கே சி.டி. ஸ்கேன். அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எம்.ஆர்.ஐ., ரிப்போர்ட்டில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று மூன்று இடத்தில் இருந்தது. சிறுமூளையில் இடது பக்கம் மூன்றரை செ.மீ. அளவில் ஒன்று, பெருமூளையில் இரண்டு, அவை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கூடவே மூளைக்குள் நீர் தேங்கி அறைகள் உப்பியிருந்தன.

வளையம் என்றால் என்ன என்று கேட்டேன். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது கட்டியின் ஓரம் மட்டும் வெள்ளையாக மின்னும், நடு இருட்டாக இருக்கும். டிபி கட்டியின் நடுவில் செத்த திசு பாலாடைக்கட்டி போல இறுகிக் கிடக்கும், சுற்றிலும் உடம்பின் பாதுகாப்புச் செல்கள் வேலி போட்டதுபோல நிற்கும். கிருமி பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் குடியேறும், அங்கிருந்து ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய் ஒரு சின்னப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புள்ளி மூளையைச் சுற்றியிருக்கும் நீருக்குள் உடைத்துக்கொண்டால் மூளை உறைக் காய்ச்சல், உடைக்காமல் அங்கேயே வளர்ந்தால் இந்தக் கட்டி. தம்பிக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, சளி இருமல் எதுவும் கிடையாது. "நெஞ்சுல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எப்படி டிபி?" என்று மாமா சண்டைக்கே போனார். அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் என்று டாக்டர் சொன்னார்.

ஆனால் வளையமாகத் தெரிவதெல்லாம் டிபி இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் போய்த் தங்குவதாலும் இதே மாதிரி வளையம் வரும், சீழ்க்கட்டியாலும் வரும், புற்றுநோயாலும் வரும். (அந்தப் புழு பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம், அதன் முட்டை கழுவாத கீரை, காய், அசுத்தமான தண்ணீர் வழியாக உள்ளே போகும்.) புழுக்கட்டியையும் டிபி கட்டியையும் பிரித்துச் சொல்வதற்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990களிலேயே சில அடையாளங்கள் வகுத்திருக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக, ஓரம் சீராக, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளாமல் இருந்தால் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், மூளையைத் தள்ளிக்கொண்டு, நோயாளியின் நிலை நாளுக்கு நாள் மோசமானால் டிபி பக்கம் யோசிக்க வேண்டும். அது ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் திசு கையில் கிடைக்க வேண்டும்.

தம்பிக்கு ஆபரேஷன் ஏன் என்று சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பின்மண்டையில் சிறுமூளை இருக்கும் இடம் ரொம்பக் குறுகலானது. அங்கே கட்டி வளர்ந்தால், மூளை நீர் வெளியே வருகிற வழியை அது அடைத்துக்கொள்ளும், நீரோ நிற்காமல் ஊறிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் மூளைத்தண்டு நசுங்கும். "மாத்திரை இந்தக் கட்டியைக் கரைக்கும்மா. ஆனா அதுக்கு வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். இந்தத் தண்ணி அது வரைக்கும் காத்திருக்காது" என்றார். இதுதான் முதல் காரணம். இரண்டாவது, இது டிபிதானா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்வது.

மற்ற இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுங்களேன் என்று கேட்டேன். அவர் பேனாவால் அந்த இரண்டு புள்ளிகளையும் சுற்றி வட்டம் போட்டு, "இது ரெண்டும் மாத்திரைக்கு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது ஏதோ பாதி வேலை மாதிரி பட்டது. நோயை உள்ளே விட்டுவிட்டு மண்டையை மூடுகிறார்கள் என்று அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மண்டையில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைத்து நீரை வெளியே ஒரு பைக்கு இறக்கினார்கள். அந்தப் பையின் உயரத்தைத் தம்பியின் காதுமட்டத்தை வைத்துக் கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள். நர்ஸ் எங்களைக் கூப்பிட்டு, கட்டிலை நீங்களாக ஏற்றவோ இறக்கவோ கூடாது, அவன் எழுந்து உட்கார வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். பை தாழ்ந்தால் நீர் வேகமாக வடிந்துவிடும், உயர்ந்தால் வடியாது. அன்று சாயங்காலமே அவன் தெளிவாகப் பேசினான், பசிக்கிறது என்றான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

மறுநாள் காலை எட்டரைக்கு தியேட்டருக்குள் போனவன் மூன்று மணிக்கு வெளியே வந்தான். குப்புறப் படுக்க வைத்து, தலை அசையாமல் இருக்க மூன்று ஊசிமுனை உள்ள ஒரு பிடிப்பானில் தலையை மாட்டிச் செய்திருக்கிறார்கள். நெற்றி ஓரத்திலும் மண்டையிலும் மூன்று சின்னக் காயங்களைப் பார்த்து அம்மா கீழே போட்டுவிட்டார்களோ என்று பதறினார், அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பின்கழுத்தில் நீளத் தையல். கட்டி மஞ்சளாக, நல்ல கெட்டியாக, ரத்த ஓட்டம் அதிகம் இல்லாமல் இருந்தது என்றும், கூடுமானவரை உடைத்துச் சிதறவிடாமல் எடுத்ததாகவும், மூளைத்தண்டை ஒட்டியிருந்த ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். அதைப் பிய்த்தெடுத்தால் விழுங்குகிற சக்தி போய்விடலாம். "அந்த ஓரமும் மாத்திரைக்குத்தான்" என்றார் சர்ஜன்.

ஒரு விஷயம் இங்கே. எடுத்த திசுவை இரண்டு டப்பாவில் போட்டு லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒன்றில் பார்மலின், அது பயாப்சிக்கு. இன்னொன்றில் வெறும் சலைன், அது சிபிநாட் சோதனைக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது). எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர் வளராது, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதை வளர்த்துப் பார்க்கிற வாய்ப்பே போய்விடும். அந்த பி.ஜி. டாக்டர் பெண் இதைப் பொறுமையாக எனக்குச் சொல்லி, இரண்டு டப்பாவையும் தனித்தனியாகக் கையில் கொடுத்ததற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆபரேஷன் என்றால் தயங்காமல் கேளுங்கள்: கல்ச்சருக்குத் தனியாக எடுத்தீர்களா என்று. சிபிநாட்டில் காசநோய்க் கிருமி இருக்கிறது, ரிபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்கு எதிர்ப்பு இல்லை என்று வந்தது. பயாப்சியும் அதையே சொன்னது. சிபிநாட்டில் கிருமி இல்லை என்று வந்தாலும் டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாதாம், மூளைக்கட்டியில் கிருமி எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், அப்போது பயாப்சியும் ஸ்கேனும் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

கட்டி போனதும் நீர் போகிற வழி திறந்துகொண்டது. குழாயை ஒரு நாள் அடைத்துவைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பையனுக்கு அப்படி ஆகவில்லை, தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஷண்ட் குழாய் நிரந்தரமாக வைத்தார்கள். ஷண்ட் வைத்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கவனமாக இருக்க வேண்டும், தலைவலி வாந்தி திரும்ப வந்தால், காய்ச்சல் வந்தால், குழாய் அடைத்துவிட்டதா, கிருமி சேர்ந்துவிட்டதா என்று உடனே காட்ட வேண்டும். எங்களுக்குச் சொன்னது வேறு: காலையில் எழும்போது தலையணை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தையல் வழியாக மூளை நீர் கசியலாம். பத்து நாள் தினமும் விடிந்ததும் அவன் தலையணையைத் தடவிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

செலவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அரசு மருத்துவமனை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது, எங்களுக்கு ஆனது வெளியே தங்கிய செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். டிபி மாத்திரை நாடு முழுக்க இலவசம், சத்துணவுக்கென்று மாதாமாதம் நோயாளியின் வங்கிக் கணக்கில் பணமும் வரும், முன்பு 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். நிக்‌ஷய் பதிவு எண் (அரசின் டிபி நோயாளர் பதிவேட்டில் தருகிற எண்) வாங்க மறக்காதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டது "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சா, இனி பயமில்லைல்ல?" என்பதுதான். நாங்களும் முடிந்தது என்றே சொன்னோம், மனசுக்குள்ளும் அப்படியே வைத்துக்கொண்டோம். தம்பிக்கு எடை 46 கிலோ, தினமும் டிபிக்கு மூன்று கூட்டு மாத்திரை, பி6 விட்டமின், வலிப்பு மாத்திரை, மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. டெக்ஸாவால் முகம் உப்பியது, அகோரப் பசி, தூக்கமில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது (ரிபாம்பிசினால் வருவது, பயப்பட வேண்டியதில்லை). மூன்றாவது வாரம் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அம்மாவும் மாமாவும் சேர்ந்து, கட்டிதான் எடுத்தாச்சே, இவ்வளவு மாத்திரை தின்றால் ஈரல் கெட்டுவிடும் என்று பாதியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும், பட்டையில் மாத்திரை குறையவே இல்லை என்று எண்ணிப் பார்த்தபோது. அன்றைக்குப் போல நான் அம்மாவிடம் என்றைக்கும் கத்தியதில்லை. ஆனால் அவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெட்டி எடுத்தால் போய்விடும் என்பதுதானே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

அப்போதுதான் நான் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டிபிக்கு மருந்தே இல்லாத காலத்தில் இந்தக் கட்டியை அறுக்க சர்ஜன்கள் பயந்திருக்கிறார்கள். கட்டியை அழகாக எடுத்துவிடுவார்கள், நோயாளி கண் விழித்துப் பேசுவார், சில வாரத்தில் கிருமி மூளை நீரில் பரவி மூளை உறைக் காய்ச்சலில் இறந்துபோவார். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார்கள், 1952இல் ஐசோனியசிட் வந்தது, அதற்குப் பிறகுதான் அறுத்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். சர்ஜனின் கை அதே கைதான், பிழைக்க வைத்தது மருந்து. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைத் துறைகளைத் தொடங்கிய காலத்தில், நம் நாட்டில் மூளைக்கட்டி என்று வந்தவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு அது டிபி கட்டியாகவே இருந்திருக்கிறது. அப்போது சி.டி. ஸ்கேனும் கிடையாது, மண்டையைத் திறந்தால்தான் என்ன கட்டி என்றே தெரியும். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள், அந்தக் கருவி ஊர் ஊராக வந்த பிறகுதான், திறக்காமலேயே, மாத்திரையில் கட்டி மாசாமாசம் சுருங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதனால்தான் இன்றைக்கு இந்த நோய்க்கு முதல் வைத்தியம் மாத்திரை. நீர் அடைத்துக்கொண்டாலோ, உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து என்றாலோ, உள்ளே சீழ் பிடித்தாலோ, மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்றாலோ, இது என்ன கட்டி என்றே சந்தேகம் என்றாலோதான் கத்தி.

இன்னொரு சமாசாரமும் அப்போது தெரிந்தது, நம் சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில்தான், சானடோரியத்தில் (காசநோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில்) படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நுரையீரல் டிபி குணமாகும் என்று நிரூபித்து 1959இல் வெளியிட்டிருக்கிறார்கள். உலகமே அதற்குப் பிறகு மாறியது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை ரயிலில் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வீட்டில் வைத்துக் குணமாக்கலாம் என்று நம் ஊரே உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது, அதற்கு ஒரே நிபந்தனை மாத்திரையை விடாமல் சாப்பிடுவது, எங்கள் வீட்டில் ஒன்பது நாள் அதை விட்டுவிட்டோம்.

மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் எங்களுக்கு இன்னொரு அடி. விட்டுவைத்த இரண்டு புள்ளிகளில் ஒன்று 8 மி.மீ. இருந்தது 14 ஆகியிருந்தது, சுற்றிலும் வீக்கம். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு ஒரு தடவை வலிப்பும் வந்திருந்தது. மாமா உடனே "அன்னைக்கே எடுத்திருக்கணும்" என்று ஆரம்பித்தார், கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மறுபடி ஆபரேஷனுக்குத் தேதிகூடக் கேட்டுவைத்துவிட்டார். எங்கள் சர்ஜன் பழைய படத்தையும் புதிய படத்தையும் லைட் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மாத்திரை விட்ட நாட்களைப் பற்றிக் கேட்டார், மறைக்காமல் சொன்னேன். கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது, எல்லா மருந்துக்கும் கிருமி அடங்குகிறது என்று உறுதியாகத் தெரிந்தது. அப்புறம் அவர் சொன்னது இதுதான்: கிருமி சாகும்போது அதன் மிச்சங்களைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புசக்தி முரட்டுத்தனமாகப் பாயும், அதனால் கட்டி சுருங்குவதற்கு முன்னால் பெரிதாகத் தெரியலாம், புதுசாகக்கூட முளைக்கலாம், நிறையப் பேருக்கு நடப்பதுதான். மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெக்ஸாவைத் திரும்ப ஏற்றிக் கொடுத்து, மிக மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தார். இந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அட்டவணை போட்டு பிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருந்தேன்.

கல்ச்சருக்கு அன்றைக்குத் தனி டப்பாவில் திசு எடுத்திருக்காவிட்டால் அந்த மூன்றாம் மாதம் அவரால் இவ்வளவு தைரியமாகக் காத்திருக்க முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆபரேஷன் எங்களுக்குக் கொடுத்ததில் இதுவும் ஒன்று, ஆனால் அது புரிய மூன்று மாசம் ஆனது.

அக்கம்பக்கத்தில் டம்ளரைத் தனியாக வைத்தார்கள், குழந்தைகளை உள்ளே அனுப்பவில்லை. மூளையில் இருக்கும் டிபி யாருக்கும் தொற்றாது, நுரையீரலிலும் தொண்டையிலும் இருப்பதுதான் இருமலில் பரவும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், யாருக்கும் எதுவும் இல்லை.

ஆறாம் மாதம் அந்தப் புள்ளி 6 மி.மீ. அவன் எடை 53 கிலோ ஆனதால் மாத்திரையும் மூன்றிலிருந்து நான்காக ஏறியது, இதற்கு அம்மாதான் ரொம்பச் சந்தோஷப்பட்டார், பிள்ளை தேறிவிட்டான் என்பதற்கு அதுதான் அவருக்கு அத்தாட்சி. அதற்குள் தினமும் காலை ஆறரைக்குத் தண்ணீர்ச் சொம்போடு அவன் முன்னால் நிற்கிறவராக அவர் மாறியிருந்தார். சிலருக்கு ஒரு வருடத்தில் நிறுத்துகிறார்கள், எங்களுக்கு இடையில் அது வீங்கியதால் 18 மாதம் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈரல் சோதனை, எத்தாம்பியூட்டால் மாத்திரை இருந்த வரைக்கும் கண்ணில் நிறம் பார்க்கிற சோதனை, எல்லாம் இடையிடையே.

கடைசி எம்.ஆர்.ஐ. போன மார்கழியில். பெருமூளையில் ஒன்று இருந்த இடமே தெரியவில்லை, இன்னொன்று தழும்பு மாதிரி ஒரு சின்னப் புள்ளி. சிறுமூளையில் விட்டுவைத்த அந்த ஓரமும் இல்லை. "இந்தப் புள்ளிய எடுக்கணுமா சார்?" என்று தம்பிதான் கேட்டான். "அது அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்பா" என்றார். வலிப்பு மாத்திரை மட்டும் இன்னும் போகிறது. இடது கையால் டம்ளரைத் தூக்கினால் கொஞ்சம் நடுங்கும், அதனால் காப்பியை வலது கையில்தான் வாங்குவான். திருப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டான், தையல் மெஷினில் இல்லை, செக்கிங் பிரிவில்.

அந்த அம்மாவுக்கு நாளைக்கு மறுபடி போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு எந்த இடத்தில் கட்டி, நீர் தேங்கியிருக்கிறதா, ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் என்று முடிவானால் இரண்டு டப்பா விஷயத்தையும் ஞாபகப்படுத்த வேண்டும்.